வெல்டா சொன்ன யோசனை

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் தெற்கே, சோயா வயல்களுக்கு நடுவே கிடக்கிற அந்த ஊரில் வெல்டா ஹாட்சரைத் தெரியாத கிழவர்கள் இல்லை. நடமாட முடியாதவர்களை வீடுவீடாகப் போய்க் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கஞ்சி ஊட்டிவிட்டு வருவது அவள் வேலை. ஊரார் உடம்பையெல்லாம் பார்த்துக்கொண்டவளுக்குத் தன் உடம்பைக் காட்ட ஒரு காப்பீட்டு அட்டை இல்லை. பிள்ளை இல்லாதவள், அதனால் அரசுக் காப்பீடு கிடையாது. சம்பளம் ரொம்பக் குறைவு, அதனால் தனியார் காப்பீட்டுக்கு மானியமும் கிடையாது. இன்னும் கொஞ்சம் வசதியாக இருந்திருந்தால் உதவியிருப்பார்களாம்! இந்தச் சட்டத்தை எழுதியவர்களை நினைத்தால் வயிறு பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் புருஷன் டுவைட், பல வருஷம் முன்பு தான் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலை மூடியதும் சொந்தமாகக் காப்பீடு கேட்டு எழுதிப் போட்டான். இதயத் துடிப்பில் ஏதோ கோளாறு என்று எப்போதோ ஒரு டாக்டர் அவன் கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று கம்பெனிகள் கைவிரித்தன. நாற்பத்தாறு வயதில் கொட்டகையில் சுருண்டு விழுந்து செத்தான். காப்பீடு கைக்கு வரும்முன் டாக்டரின் பேனாவுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று வெல்டா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

2019 இலையுதிர்காலத்தில் குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி அளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டது. அரசுக் காப்பீட்டை ஏழைகள் எல்லாருக்கும் விரிவுபடுத்தச் சொல்லி, வாக்கெடுப்பு கேட்கும் மனு ஊரூராய்ச் சுற்றிய நேரம் அது. வெல்டாவும் ஒரு கட்டு மனுவைக் கையில் எடுத்தாள். சர்ச்சின் மீன் வறுவல் விருந்து, தீவனக் கடை, பக்கத்து ஊர் வீடுகள் என்று கையெழுத்துக் கேட்டு ஓர் இடம் விடவில்லை. கார் ஓட்டியவள் தங்கை ஜோலீன். கட்டி விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும்.

"அக்கா, கிளினிக் இங்கதான இருக்கு. ஒரு நடை போய்க் காட்டிட்டு வந்துடுவோம்."

"காட்டினா எழுதுவாங்கடி. எழுதிட்டா, அட்டை வர்றப்போ 'ஏற்கெனவே இருந்த வியாதி'ன்னு தள்ளிடுவாங்க. டுவைட்டைத் தள்ளலையா?"

"கழுதைக்குப் புத்தி சொன்னாக்கூட கேட்டுக்கும். நீ கேக்க மாட்ட."

"கழுதைக்கு என்னடி, அதுக்குக் காப்பீடு வேண்டாம்!"

ஜோலீன் அத்தோடு விட்டுவிட்டாள். டுவைட்டைப் புதைத்தபோது அவளும்தான் பக்கத்தில் நின்றிருந்தாள்.

2020 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் மனு ஜெயித்தது. வெல்டா பீச் பழம் வைத்து இனிப்பு அப்பம் சுட்டுத் தெருவுக்கே கொடுத்தாள். ஆனால் சட்டசபை பணம் ஒதுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. வழக்கு, அப்பீல் என்று ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். கட்டி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அட்டை தபாலில் வந்தபோது அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை.

"இதை எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டார் டாக்டர் ப்ரூயிட்.

"போன வாரம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். ஜோலீனுக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அப்படித் தள்ளற வழக்கம் ஒழிஞ்சு ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா" என்றார் டாக்டர். "அரசுக் காப்பீட்டுல அது எப்பவுமே கிடையாது. அட்டையே இல்லாட்டியும் மார்புச் சோதனை உங்கள மாதிரி வசதியில்லாதவங்களுக்கு இலவசம்தான்."

"ஏழு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டாள் வெல்டா.

எலும்பு வரை பரவியிருந்தது. மருந்து, கதிர்வீச்சு எதற்கும் அட்டை கைவிரிக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு மிச்சமிருந்தது ஒன்பது மாதம்தான்.

சோதனை முடிவு தெரிந்த அன்று காரில் வரும்போது அவள் அழவில்லை. பாதி வழியில் திடீரென்று, "ஜோலீன், வண்டியைத் திருப்பு" என்றாள்.

"என்னக்கா, மறுபடியும் வலிக்குதா?"

"கையெழுத்து வாங்கப் போன வீட்டுல எல்லாம் பொம்பளைங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, அங்க வலிக்குது, இங்க வீங்குதுன்னு சொன்னாங்கடி. அட்டை வர்ற வரைக்கும் டாக்டர் பக்கமே போகாதீங்கன்னு நான்தான் யோசனை சொன்னேன். பாவி, எத்தனை பேர்கிட்ட சொன்னேன்!"

முதலில் போனது, மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த பக்கத்து ஊர் ரேனா வீட்டுக்கு. கதவைத் திறந்தவள் பாதியாக இளைத்திருந்தாள். வெல்டாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட்டை இன்னும் வரலை வெல்டா. ஆனா நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தர்கிட்டயும் காட்டலை" என்றாள் பெருமையாக.

வெல்டா அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"கோட்டை மாட்டிக்கோ" என்றாள். "இப்பவே கிளம்பு."