பாவு இறங்கட்டும்

கரண்ட் போனால் எங்கள் வீட்டில் முதலில் காது வலிக்கும். விடிந்ததிலிருந்து சடசடவென்று ஓடிக்கொண்டிருந்த நான்கு விசைத்தறிகளும் ஒன்றாக அடங்கிவிட, அதுவரை இந்த உலகத்திலேயே இல்லாதிருந்த காக்கைச் சத்தமும், அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தமும், பக்கத்துத் தோட்டத்தில் யாரோ ஆட்டை அதட்டுகிற சத்தமும் மொத்தமாக உள்ளே வந்து விழும். காது கொஞ்ச நேரம் "ஙொய்" என்று இரைந்துவிட்டுப் பிறகுதான் தெளியும். தெளிந்ததும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு அப்பாவைப் பார்க்க ஓடுவேன்.

அன்னூருக்கு வடக்கே இருந்தது எங்கள் வீடு. கிணறு வற்றிப்போன பிறகு அப்பா மாடுகளை விற்றுவிட்டு, கட்டுத்தரை இருந்த இடத்தில், வீட்டுச் சுவரோடு ஒட்டியே ஒரு "தறிக்குடோன்" கட்டினார். வெளியூருக்கு வேலைக்குப் போகாமல் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்துகொண்டே பிழைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். எண்ணத்தில் தப்பில்லை, எங்களோடுதான் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். நூல் அறுந்ததைக் கவனிக்காவிட்டால் துணியில் பழுது விழும், குறுக்கே ஓடி நெய்கிற நாடாவில் நூல் தீர்ந்தால் தறி நின்றுபோகும் என்பதால் நான்கு தறிகளுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார், புருவத்தில் பஞ்சு படிந்து, வயதுக்கு முன்பே நரைத்தவரைப் போல.

குடோனுக்குள் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் எங்கள் குடும்பம் கையால் பேசியது. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சோறு. இரண்டு கைகளையும் விரித்து உதறினால் கரண்ட் இல்லை, தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தறிக்காரரிடம் "அங்கயும் இல்லீங்களா?" என்று அப்பா அப்படித்தான் கேட்பார். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வேறொரு வழி வைத்திருந்தாள். எவர்சில்வர் தட்டை வாசல் வெயிலில் சாய்த்துப் பிடிப்பாள். குடோன் சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு ஓடிப் போய் அப்பாவுக்கு எதிரே நின்று ஆடும். அவர் திரும்பிப் பார்க்காமலே ஆள்காட்டி விரலை உயர்த்துவார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த ஒரு நிமிஷத்தில் குழம்பு ஆறும், மறுபடி சூடாகும், மறுபடியும் ஆறும்.

கரண்ட் போனால் மட்டும் அப்பா முழுசாக எங்களுக்குக் கிடைத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்து என் சடையை அவிழ்த்துப் பின்னிவிடுவார். அறுந்த நூலை எடுத்து முடியும் விரல்கள் அவருடையவை; ஒரு முடி வலிக்காது. அம்மாவுக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அந்த நேரங்களில்தான் தெரிந்தது. "ஏனுங்க, புள்ளைக்குச் சடை பின்றீங்களா, தறிக்குக் கயிறு திரிக்கிறீங்களா?" என்பாள். அப்பா லைன்மேனை வாயார வைதுகொண்டே பின்னுவார். நானோ, இன்னும் கொஞ்ச நேரம் கரண்ட் வரக்கூடாது என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரே வாசலில் இரண்டு வேண்டுதல்கள். பாவம், அந்தத் தாய் யார் பேச்சைக் கேட்பாள்? பாதிச் சடையில் கரண்ட் வந்துவிடும். மீதியை அம்மா பின்னி முடிப்பாள்.

மேட்டுப்பாளையம் போய் மலை ரயிலைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர் அது. கேட்கும்போதெல்லாம் அப்பா, "இந்தப் பாவு எறங்கட்டும் கண்ணு, போயிட்டு வந்தரலாம்" என்பார். பாவு என்பது தறிக்குப் பின்னால் பெரிய உருளையில் சுற்றியிருக்கும் நீள நூல். அது துணியாக நெய்து தீர்வதைத்தான் இறங்குவது என்பார்கள். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த உருளை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை காலையில் அது எலும்பாகி நின்றது. பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு குடோனுக்குள் ஓடினேன்.

அங்கே பாவு பிணைக்கிறவர் உட்கார்ந்திருந்தார். புதுப் பாவின் ஒவ்வொரு நூல் நுனியையும் பழைய பாவின் நுனியோடு சேர்த்துத் திருகி முடிந்துகொண்டிருந்தார். அப்படித்தான் செய்வார்கள், பழையதின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் புதியது தறிக்குள் ஏறவேண்டும். எந்தப் பாவும் தனியாக இறங்கி முடிவதில்லை என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அப்பா என் பாவாடையைப் பார்த்தார், பவுடரைப் பார்த்தார். அந்தத் தறி சும்மா நின்றிருந்தாலும் மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. விரலை உயர்த்தினார். எனக்கு அழுகைகூட வரவில்லை. பயமாக இருந்தது, இது என்றைக்கும் முடியாது என்கிற பயம்.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அன்றும் மதியம் தட்டு வெளிச்சம் வந்ததாம். அப்பா விரலைக் காட்டினாராம். வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. அவர் வேலையை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குள் போனபோது சோறு போட்டு மூடி வைத்திருந்தது, அம்மா சுவரோரமாகப் படுத்திருந்தாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மாவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் இருந்தது. எங்கள் தறிகள் மட்டும் நின்றிருந்தன.

இப்போது தறிகள் இல்லை. காயலான் கடைக்காரன் வந்து எடை போட்டு எடுத்துப் போய்விட்டான். அப்பா கோயம்புத்தூரில் என்னோடு, அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். வேண்டிய அளவு நேரம் இருக்கிறது அவரிடம், காதுதான் இல்லை. தறிச் சத்தம் தின்றது போக மிச்சமிருந்ததை வயது தின்றுவிட்டது. "இல்லாத தறி உள்ளார ஓடிட்டே இருக்குது அம்மணி" என்று காதைத் தட்டிக் காட்டுவார். மதியத்தில் கீழே ஏதாவது கார் திரும்பி, அதன் கண்ணாடி வெளிச்சம் எங்கள் கூடத்துச் சுவரில் ஓடினால், எந்த வேலையில் இருந்தாலும் உடனே எழுந்துவிடுவார். சமையலறை வாசல்வரை போய் உள்ளே பார்ப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். திரும்பி வந்து உட்காருவார். நான் பார்க்காததுபோல் இருப்பேன்.

எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பிள்ளையோடு இருந்துகொண்டே பிழைக்கலாம் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன் என்பது எனக்கும் தெரிகிறது. காதில் ஹெட்செட், அறைக்குக் கண்ணாடிக் கதவு. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆகவே என் மகள் யாழினி எந்த அம்மனிடமும் எதையும் கேட்டுப் பிரயோஜனமில்லை.

போன வாரம் எங்கள் கம்பெனியில், வேலையையும் குடும்பத்தையும் சமமாகப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பது எப்படி என்று ஆன்லைனில் ஒரு வகுப்பு வைத்தார்கள். விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். கண்ணாடிக்கு வெளியே யாழினி வந்து நின்றாள். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். அவளுக்கு அந்தப் பாஷையை நான் சொல்லித்தரவில்லை. காது கேட்காத அப்புச்சியோடு பேச வேறு வழியில்லாமல் தானாகப் பிடித்துக்கொண்டது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே விரலை உயர்த்தினேன்.

உயர்த்திய பிறகுதான் கவனித்தேன், அவளுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியையும் சுவரையும் பிடித்துப் பிடித்துக் கூடத்தின் கோடிக்கு நடந்து போனார். முதலில் இன்வெர்ட்டரை அணைத்தார், பிறகு மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். மின்விசிறி சுற்றி நின்றது. திரையில் பேசிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தபடி உறைந்து போனார். காது ஒரு நொடி "ஙொய்" என்றது.

வாழ்நாள் முழுக்கக் கரண்ட் போனதற்கு லைன்மேனை வைத மனிதர் கதவைத் திறந்து, இரண்டு கைகளையும் விரித்து உதறினார்.

"கரண்டு போயிருச்சு கண்ணு. வெளிய வா."

எதிர் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. யாழினி சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆமாங்கப்பா" என்று அவரைப் போலவே கைகளை உதறிக் காட்டினேன்.

சாப்பாட்டு மேசையில் அப்பா மூன்று தட்டுகளை வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மாவின் பழைய எவர்சில்வர் தட்டையும் எடுத்து வந்து வைத்தார். நாங்கள் யாரும் அதை எடுக்கவில்லை.