பனம்பழ வெள்ளையும் ஒரு வெள்ளைதான்

மாடு தின்ற காலரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன கிழமை பார்த்தேன். திங்கட்கிழமை காலை, எங்கள் பள்ளிக்கூடக் கேற்றடியில்.

காலருக்குச் சொந்தக்காரி சுகந்தி. பதினோராம் ஆண்டு. மார்கழியில் ஓ.எல். பரீட்சை எடுக்க வேண்டியவள். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிறாள். நான் அவளுடைய கணக்கு ரீச்சர் — அதாவது, ஏ.எல். முடித்துவிட்டுக் கம்பஸ் கடிதத்துக்குக் காத்திருக்கிற தொண்டர் ஆசிரியை. காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன் என்று நான் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் புலம்புவது உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

கேற்றில் மாணவ முதல்வி பவானி கொப்பியும் பேனையுமாக நின்றாள். ஏ.எல். படிக்கிறவள். கண் படு கூர்மை.

"இது என்னடி நிறம்?"

"வெள்ளை, அக்கா."

"உது வெள்ளையே? வாழைப்பழத் தோல் மாதிரிக் கிடக்கு. காலர் எங்கை?"

"மாடு திண்டிட்டுது."

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுகந்தி சொன்னது முழு உண்மை. பொருளாதாரத் தடையால் சவுக்காரம் கண்ணில் காண்பதே அருமையாகிப்போன இந்த நாட்களில், எங்கள் கிணற்றடிகளில் பனம்பழம்தான் சவுக்காரம். பழத்தைத் தோலுரித்து, களியைத் துணியில் போட்டுக் கசக்கினால் நுரைகூட வருகிறது. ஊத்தை போய்விடும். ஆனால் ஒரு மஞ்சள் தங்கிவிடும்... வாசமும்தான். கொடியில் காய்கிற யூனிபோம் மாட்டின் கண்ணுக்குப் பெரியதொரு பனம்பழம். மாட்டைக் குற்றம் சொல்ல முடியுமா?

பவானி கொப்பியில் எழுதினாள். மூன்று தரம் பெயர் விழுந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது சட்டம். சுகந்திக்கு இது மூன்றாவது. சைக்கிளைத் திருப்பியவள் என்னைக் கண்டு நின்றாள்.

"போனால் இனி வரமாட்டன், ரீச்சர். அம்மா சொல்லிப்போட்டா... திருப்பி விட்டினமெண்டால் பேசாமல் தோட்டத்துக்கு வா, அங்கை ஒருத்தரும் காலர் பாக்கிறேல்லை எண்டு."

அழவில்லை. மணி எத்தனை என்று சொல்வதுபோலச் சொன்னாள். வகுப்பிலேயே கோணம், வட்டம் என்று கேத்திர கணிதத்தை விரும்பிச் செய்கிற ஒரே பிள்ளை!

அந்தக் கணத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. எதற்கு இந்த யூனிபோம்? யார் கேட்டார்கள்? போடுகிறவர்களை யாராவது, என்றைக்காவது கேட்டார்களா? கழற்றி எறிவோம் — கலர்ச் சட்டையில் வரட்டும்!

"நில்லும், வாறன்" என்று சுகந்தியை மரநிழலில் நிறுத்திவிட்டு அதிபரின் அறைக்கு ஓடினேன். அதிபர் அம்மா வரவு இடாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையளிட்டையே கேப்பம், அம்மா. வோட்டு வைப்பம்."

"பிள்ளையளிட்டைக் கேட்டால் பள்ளிக்கூடமே வேண்டாம் எண்டெல்லோ சொல்லுவினம்?"

"கேட்டுத்தான் பாப்பமே!"

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நீர் கம்பசுக்குப் போற வரைக்கும் எனக்கு நிம்மதியில்லை. சரி. வெள்ளிக்கிழமை பெரிய வகுப்புகள் மட்டும். அதுவரைக்கும் ஒருத்தரையும் திருப்பி விடுறேல்லை. ஆனால் பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது."

அழுவதா? நானா? வெற்றி என் பையில் இருக்கிறது என்றல்லவா நினைத்தேன்!

வோட்டுச் சீட்டுக்குக் கடதாசிக்கு எங்கே போவது? இந்தப் பத்திரிகையே கொப்பித் தாளில் வருகிறது. ஆகவே கொட்டை. யூனிபோம் வேண்டும் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் வேப்பங்கொட்டை. சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு மண்பானை. ஜனநாயகத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். மண்டபத்தில் நான்தான் முதலில் பேசினேன். கிளிக்கு ஒரு நிறம், மைனாவுக்கு ஒரு நிறம், உங்களுக்கு மட்டும் ஏன் ஒரே நிறம் என்று தொடங்கி... "உரிமை" என்ற சொல்லை எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. கைதட்டல் வந்தது. உட்கார்ந்தேன்.

சுகந்தி கையை உயர்த்தினாள். ஆகா, சாட்சியே பேசப் போகிறது!

"எனக்கு யூனிபோம் வேணும், ரீச்சர்."

நான் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டேன்.

"கலர்ச் சட்டை எண்டால் கிழமைக்கு அஞ்சு வேணும். என்னட்டை இருக்கிறது ஒண்டு, போன தீபாவளிச் சட்டை. அதையே திங்களும் செவ்வாயும் போட்டுக்கொண்டு வந்தால் புதன்கிழமை இவளவை எனக்குப் பட்டம் வைச்சிடுவாளவை."

"வைச்சாச்சு!" என்றது பின் வரிசை வாங்கு. ஒரே சிரிப்பு.

"வெள்ளை எண்டால் ஒண்டோ ஒம்பதோ, ஆருக்குத் தெரியும்? பின்னேரம் தோய்ச்சுப்போட்டு விடியப் போட்டுக்கொண்டு வாறன். மூண்டு வருசமாய் ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

சொன்ன பிறகுதான், இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.  ஆனாலும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"உடுப்பிலை பிழையில்லை, ரீச்சர். உடுப்பு வெள்ளைதான். பவானியக்காவின்ரை கண்ணுக்குத்தான் மஞ்சள்."

"எனக்கென்ன கண் மஞ்சளாகிற செங்கண்மாரியோடி?" பவானி எழும்பிவிட்டாள். "ஆசையிலையே எழுதிறன்? எழுதாட்டில் எனக்கெல்லோ ஏச்சு விழும்! என்ரை வீட்டிலை சவுக்காரம் குவிஞ்சு கிடக்கெண்டு நினைக்கிறியளோ? இருக்கிறது ஒரு கட்டி. அம்மா நூலாலை அறுத்து, சீட்டுக்கட்டுச் சீட்டின்ரை தடிப்பிலை ஒரு துண்டு தருவா. அதாலை என்ரை யூனிபோம் மட்டும்தான் தோய்க்கிறது, கேற்றிலை நிக்கிறவள் எண்டு. தம்பியாக்கள் எல்லாரும் பனம்பழம்தான். அவங்களின்ரை சேட்டுகளையும் மாடு திண்டதுதான்!"

 இன்னொரு பிள்ளை எழும்பித் தன்னுடைய பாவாடையை ஆடு கடித்த கதையைத் தொடங்கினாள். அதற்குப் பிறகு யாரை அடக்குவது?

பானையைக் கவிழ்த்தோம். புளியங்கொட்டை மலைபோல். வேப்பங்கொட்டை ஒன்பது. அதில் ஒன்று நான் போட்டது — வோட்டுரிமை இல்லாமலே.

யோசித்துப் பாருங்கள். நான் உரிமை என்று நினைத்தது நிறத்தை. என்னிடம் நாலு நல்ல சட்டை இருப்பதால் வந்த நினைப்பு அது. அவர்கள் கேட்ட உரிமை வேறு. வெள்ளை வேண்டும், ஆனால் எது வெள்ளை என்று சொல்கிற இடத்தில் தாங்களும் நிற்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், கோடு போட்ட கொப்பித் தாளில் வருகிறது என்று இந்தப் பத்திரிகையை யாராவது திருப்பி அனுப்பினீர்களா? எழுத்துத் தெரிகிறதா என்றுதானே பார்த்தீர்கள்?

பிள்ளைகள் விடவில்லை. மணி அடித்த பிறகும் இருந்து தங்கள் சட்டத்தைத் தாங்களே எழுதினார்கள். சவுக்காரம் வரும்வரைக்கும் பனம்பழ வெள்ளையும் வெள்ளையே. மாடு கடித்த இடத்துக்கு எந்தத் துணியிலும் ஒட்டுப் போடலாம். ஊத்தையாக வந்தால் மட்டும் பெயர் எழுதலாம். கேற்றில் மாணவ முதல்வியோடு வகுப்புக்கு ஒருத்தியும் முறை வைத்து நிற்க வேண்டும். அதிபர் அம்மா இரண்டு தரம் வாசித்தார். "சோதினை முடியும்வரைக்கும் நடத்திப் பாப்பம்" என்று கீழே கையெழுத்து வைத்தார்.

நேற்று மருதனார்மடச் சந்தையில் சுகந்தியைக் கண்டேன். தாயோடு கத்தரிக்காய்ச் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா என்ன சொன்னவா?"

"உந்த வெள்ளை எண்டால் எங்கடை கிணத்தடியிலை தாராளமாய்க் கிடக்கு, போய்ப் படி எண்டவா." பிறகு வாயைப் பொத்திச் சிரித்தாள். "திங்கட்கிழமை கேற்றிலை என்ரை முறை, ரீச்சர். கடைசி வரியை மறந்திடாதேங்கோ."

மறக்கவில்லை. கையெழுத்துக்குப் போகுமுன் பவானியும் அவளுமாகச் சேர்ந்து செருகிய வரி அது. பிள்ளைகளுக்கு உள்ள சட்டம் ரீச்சர்மாருக்கும் உண்டு. மற்ற ரீச்சர்மார் முணுமுணுக்கிறார்கள். வோட்டு வைத்தவள் நான். யாராவது தொடங்கத்தானே வேண்டும்?

இந்த ஞாயிறு என் ஒரேயொரு வெள்ளைச் சேலையையும் இரண்டு பனம்பழங்களையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறேன். பன்னிரண்டு முழச் சேலைக்குக் களி எவ்வளவு போடுவது, மஞ்சள் எவ்வளவு தங்கும்... ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை முதலாம் பாடம் கணக்கு — சுகந்தி என்னை உள்ளே விட்டால்.