அக்காவின் குருவித்தட்டில் நான் வைத்த சோறு

அக்காவின் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் அவரின் தங்கையாகிய நான் கைகூப்பி எழுதுவது. அக்காவின் பெருமையைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்களை என்னிடம் தந்தார்கள். எழுதக் கை கூசுகிறது.

அக்கா பளையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நெடுங்கேணியில் வயல் செய்துகொண்டிருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, அத்தானையும் பறிகொடுத்து, ஒரே மகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கினார். யாரிடமும் கையேந்தவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அது எங்கள் குடும்பச் சொத்து.

வீட்டு வளவில் இரை தேடும் மணிப்புறாக்களுக்கும் புலுனிக் குருவிகளுக்கும் நிலத்தில் தட்டு வைப்பது அக்காவுக்குப் பிரியமான வேலை. அந்தத் தட்டைத் தெரிவுசெய்யப் பட்ட பாட்டை மருமகனைத் தெரிவுசெய்யக்கூடப் படவில்லை. மருமகன் கோபிக்கமாட்டார். முதலில் சுளகு வைத்தார். மழையில் நனைந்து இற்றுப்போனது. பிறகு பீப்பாய் மூடி; தண்ணீர் தேங்கித் தானியம் புளித்தது. கடைசியில் பலகைச் சட்டத்தில் நெருக்கமான கம்பிவலை அடித்து, மூலைகளில் கட்டை பொருத்தி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கச் செய்தார். தண்ணீர் வடிந்தது, காற்றும் போனது. பூனை பதுங்க வழியில்லாதபடி வேலியிலிருந்து தள்ளி, வெளியான இடத்தில் வைத்தார். குறுணி அரிசியும் குரக்கனும் மட்டும்தான் போடுவார். அதுவும் மத்தியானத்துக்குள் தின்று முடிக்கும் அளவுக்குத்தான். பிறகு தட்டைத் தென்னந்தும்பால் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைப்பார். நிலத்தில் எச்சம் சேர்ந்தால் இடத்தை மாற்றுவார். சமைத்தது எதுவும் அதில் விழக்கூடாது. ஒருமுறை நான் மிச்சச் சோற்றைக் கொண்டுபோனபோது, அதைப் பிடுங்கி நாய்க்குப் போட்டுவிட்டு, என்னையும் நாயையும் ஒரே மாதிரிப் பார்த்தார்.

சிறுநீரக நோயோடு நெடுநாள் போராடி, ஒரு சனிக்கிழமை அக்கா காலமானார். சனிக்கிழமை போனவர் துணைக்கு இன்னோர் உயிரைக் கூட்டிப்போவார் என்ற பயத்தில், பிரேதத்தோடு ஒரு கோழிக்குஞ்சை அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தக் கிழமையில் போனாலும் தனக்காக ஓர் உயிரையும் வதைக்கக்கூடாது என்று அக்கா மகளிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். அதனால் நாங்கள் அனுப்பவில்லை. எங்கள் பெரியமாமிக்கு அது பிடிக்கவில்லை.

எட்டாம் நாள், எட்டுச்செலவுப் படையலன்று, படையலில் ஒரு பிடியை இலையில் காகத்துக்கு வைக்காமல் அக்காவின் தட்டில் வைத்தால் அவரே வந்து சாப்பிட்டது போலிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நானே கொண்டுபோய் வைத்தேன். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அதன்பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களும் சோறு, வடை, மோதகம் என்று அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் அதில் வைத்துவிட்டுப் போனார்கள். மழை பெய்தது. வலைக்கண்கள் அடைபட்டு, அடியில் பூஞ்சணம் பிடித்தது. நான் கழுவவில்லை, மேலே புதுச்சோறு வைத்தேன்.

ஒரு காலையில் தட்டைச் சுற்றி மணிப்புறாக்கள் செத்துக் கிடந்தன. மறுநாளும் கிடந்தன.

“கோழிக்குஞ்சு அனுப்பச் சொன்னனான், கேக்கேல்லை. அவா இப்ப துணைக்குக் கூட்டிக்கொண்டு போறா,” என்றார் பெரியமாமி.

நான் வாய் திறக்கவில்லை. தட்டைக் கவிழ்த்து, அடியிலிருந்த நாற்றத்தை முகர்ந்து, காரணம் தெரிந்த பிறகும் திறக்கவில்லை. பழி அக்காவின் தலையில் விழுந்தது எனக்கு வசதியாக இருந்தது. கதை ஊருக்குள் பரவியது. அடுத்தது யார் என்று பயந்து, அயலில் சிலர் அக்காவின் வீட்டுப் படலையைத் தாண்டி வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கதையை மாற்ற ஒரு தந்திரம் செய்தேன். அக்காவைப் பிரிந்த துயரில் புறாக்கள் உயிர்விட்டன என்று இந்த மலருக்கு உருக்கமாக எழுதி, அக்காவின் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கிணற்றடியில் அந்தத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னை அதுவரை ஒரு வார்த்தை குறைசொன்னவள் அல்ல.

“துயரத்தில செத்ததெண்டாலும் துணைக்குக் கொண்டுபோனதெண்டாலும், அம்மாவாலதான் செத்ததெண்டு வருது, சித்தி. அவா ஒரு கோழிக்குஞ்சைக்கூட வேண்டாமெண்டவா,” என்றாள்.

எழுதியதைக் கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த ஓட்டோக்காரத் தம்பிக்கும், பராமரித்த தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்து உதவிய அயலவர்களுக்கும், கிரியைகளைச் செய்த குருக்களுக்கும் எங்கள் நன்றி. தட்டில் அன்போடு உணவு வைத்தவர்கள் மனம் வருந்த வேண்டாம், வழிகாட்டியது நான். இன்றைய படையல் இலையில்தான் வைக்கப்படும். தட்டில் எதையும் வைத்துவிடாதீர்கள்.

புறாக்கள் செத்தது நான் வைத்த சோற்றால். என் அக்கா ஓர் உயிரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. தனியாகத்தான் போனார்.