பன்றிக் காவலுக்கு வந்த மாப்பிள்ளை

பென்ரித் துறையில் பீப்பாய் செய்கிற ஓபெட் டார்பாக்ஸுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். ஊரில் மொத்தமே நாற்பது வீடு, ஒரு படகுத்துறை, ஒரு சபைக்கூடம். மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். மீன் காயப்போட்ட பரண்களை அவை முட்டிச் சாய்த்துவிடும். அதனால் வருஷா வருஷம் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், புதிதாகக் கல்யாணம் ஆனவனைப் பிடித்துப் பன்றிக் காவலனாக்குவார்கள். பன்றியைத் துரத்திப் பிடித்து மூக்கில் வளையம் மாட்டுவது மாப்பிள்ளையின் வேலை. கைகொட்டிச் சிரிப்பது ஊரின் வேலை. முப்பது வருஷமாக முதல் ஆளாக எழுந்து மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னவர் ஓபெட்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஜெரூஷா மேல் ஆசை வந்து தொலைத்தது. கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள், மீன் காயவைத்துப் பிழைப்பவள். இவர் அவள் பரணோரம் போய் நிற்பார். காற்றைப் பற்றிப் பேசுவார், உப்பைப் பற்றிப் பேசுவார், கேட்க வேண்டியதை மட்டும் கேட்காமல் திரும்புவார். ஊர் வாய்க்குப் பயந்தே பன்னிரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. கடைசியில் அவளே கேட்டுவிட்டாள்:

"காத்தப் பத்தி இன்னும் எத்தனை வருஷம் பேசறதா உத்தேசம்?"

பிப்ரவரியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்தெட்டு!

மார்ச் வந்தது. கூட்டத்துக்குக் கிளம்பியவரின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டபடி ஜெரூஷா சொன்னாள்: "காவல் வேணாம்னு அபராதத்தக் கட்டிட்டும் வரலாம். ஆனா அப்படிச் செஞ்சீங்கன்னா, என்னைக் கட்டுனது உங்களுக்கு வெக்கமா இருக்குன்னுதான் நான் நெனப்பேன்."

சபைக்கூடத்தில் தலையை நீட்டியதுமே, "வாங்க மாப்பிள்ள, வாங்க!" என்று ஒரே கூச்சல். போன வருஷம் பன்றிக் காவலனாகிச் சேற்றில் உருண்ட படகோட்டி சைலஸ் துள்ளி எழுந்தான்.

"ஒரு வருஷமா எனக்கு நாக்கு நமநமங்குது. ஓபெட் டார்பாக்ஸ்!"

அத்தனை கையும் உயர்ந்தது. கூட்டத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்ன ஓபெட், ஏத்துக்கறீரா, இல்ல அபராதமா?" என்றார்.

ஓபெட் எழுந்து நின்றார்.

"ஏத்துக்கறேன். பன்னெண்டு வருஷம் முந்தியே ஜெரூஷாவக் கேட்டுட்டு இங்க வந்து நின்னிருக்கணும். உங்க சிரிப்புக்குப் பயந்த மடையன் நான்."

கூரை அதிரச் சிரித்தார்கள். சைலஸ் வந்து முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். பிறகு பேச்சு படகுத்துறைப் பலகைக்குப் போய்விட்டது.

வீட்டு வாசலிலேயே ஜெரூஷா நின்றிருந்தாள். "ரொம்பச் சிரிச்சாங்களா?"

"வயிறு வலிக்கச் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பலகை உளுத்துப்போச்சுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க." ஓபெட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அவ்வளவேதான் ஜெரூஷா. ஒரு குவளை பியர் குடிக்கிற நேரம்கூட இல்ல. இதுக்குப் பயந்தா உன்னை இத்தனை வருஷம் தனியா விட்டேன்?"

ஜெரூஷா இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விட்டீங்கதான்," என்றாள். "இப்பவாவது வந்தீங்களே, உள்ள வாங்க."