மேல்மாடி மேற்குச் சுவர்

செஞ்சியில் சபீனா அம்மா வரைந்து நான் கட்டிய அடுக்குமாடி வீட்டின் மேல்மாடி மேற்குச் சுவரைக் கெடுத்தவன் நான். அவர் காலியாக விடச் சொன்ன இடத்தைக் கலவையும் செங்கல் துண்டும் போட்டு நிரப்பினேன். பழி அவர் மேல் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. இதை முதலில் எழுதாமல் அவரைப் பற்றி வேறு எதையும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை சிங்கவரம் சாலையில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வெகுகாலமாக வேலை செய்யும் கொத்தனார் லூர்து சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்: “மேஸ்திரி, செங்கல்லு அம்மா போயிட்டாங்களாம். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கே போவலையாம்.” சபீனா அம்மாவுக்கு ஊரில் செங்கல்லு அம்மா என்றுதான் பேர். அன்று மாலை அடக்கம். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நான் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். குனிந்து மண்ணை எடுக்கக் கை வரவில்லை.

அவரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்து வேலை கற்றவன் இல்லை. பார்த்து, இடித்து, திரும்பக் கட்டிக் கற்றவன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், சென்னையில் படித்துவிட்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பன்னிரண்டு வீடுகளுக்கும் வரைபடத்தை முடித்துக் கொண்டுவந்து நீட்டினார். பூச்சு கிடையாது, வெறும் செங்கல் என்றார். இன்றைக்கும் பூசாத சுவர் எனக்கு அழகாகத் தெரியவில்லை. அதில் நான் மாறப்போவதில்லை.

மனைக்குக் கிழக்கே பூங்கா, மேற்கே கோட்டை மலை. ஒரு சித்திரை மாதம் காலி மனையில், நாலு மணிக்கு, என்னை மலைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார்.

“இன்னா மேஸ்திரி, முதுகுல அனல் அடிக்குதா?”

“சித்திரையில அனல் அடிக்காம ஐஸா அடிக்கும்?”

“வெயில் மட்டும் இல்ல. பகலெல்லாம் வாங்கி வெச்சத பாறை இப்பத் திருப்பிக் குடுக்குது. இந்தப் பக்கத்துச் சுவரு அத வாங்கக் கூடாது. அந்தாண்ட பார்க்குல மரம் இருக்குது பாருங்க, அங்கேருந்து வர்ற காத்த மட்டும் உள்ள உட்டா போதும். ஏசி வேணாம், ஃபேனே போதும்.”

அதற்காகத்தான் அந்தச் சுவர். செங்கலைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. எலிப்பொறிக் கட்டு என்பார்கள். வெயில் அந்த வெற்றிடத்தைத் தாண்டி உள்ளே வருவது கடினம். லூர்து சிரித்தான்: “ஏம்மா, வீடு மனுசனுக்கா, எலிக்கா?” அவர் விடவில்லை: “ரெண்டும் குடியிருக்கட்டுமே, வாடக உனுக்கா வருது?” பிறகு என்னிடம் திரும்பினார். “நடுவுல இருக்கிற காத்துதான் மேஸ்திரி சுவரு. செங்கல்லு அதுக்குப் பாத்திரம்.”

எனக்கு அது ஏறவில்லை. எங்கள் தொழிலில் உள்ளே பொக்கை விட்டவனுக்குத் திருடன் என்று பேர். தட்டினால் கெட்டிச் சத்தம் வராத சுவரை நான் ஆயுளில் கட்டியதில்லை. அவர் பக்கத்தில் நின்றதால் கீழ் இரண்டு மாடிகளையும் சொன்னபடி கட்டினேன். மேல்மாடிச் சுவர் ஏறும்போது அம்மா மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் வேலூர் போனார். பொக்கை வைத்தவன் என்று என் பேர் நிற்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு. வரிசைக்கு வரிசை உள்ளே கலவையைப் போடு என்று லூர்துவிடம் சொன்னேன். அவன் தயங்கினான். நான் அதட்டினேன். போட்டான்.

திரும்பி வந்தவர் பேனாவால் சுவரைத் தட்டினார்.

“இன்னா மேஸ்திரி, நெறைஞ்ச சத்தம் வருது?”

“ஈரம்மா. இன்னும் காயல.”

பேனாவைப் பையில் போட்டுக்கொண்டார். “ஈரம்னா காஞ்சுடும்” என்றார். அதற்குப் பிறகு கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும், “இன்னா மேஸ்திரி, காஞ்சுதா?” என்று கேட்பார். நானும் சிரித்துவைப்பேன். கேலி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

குடிவந்த முதல் கோடையிலேயே மேல்மாடியின் மேற்கு வீடுகள் இரண்டும் கொதித்தன. “பூசாத செங்கல்லு, அதான் அடுப்பு மாதிரி இருக்குது” என்று ஊர் முடிவு கட்டியது. அந்தச் சமயத்தில்தான் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று கட்ட நினைத்தவர் பார்க்க வந்தார். அம்மா பல வருடமாக மனதில் வைத்து, வரைபடமும் போட்டிருந்த வேலை அது. கீழ்வீடுகளில் வந்தவருக்குத் திருப்திதான். எங்களோடு மேலே போய் மேற்குச் சுவரில் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார். “இன்னாம்மா இது, தோசக்கல்லாட்டம் சுடுது? கொழந்தைங்க படுக்கற எடம்மா” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். ஒரு வார்த்தையில் அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். “நான் இன்னொரு தடவ பாக்கறேன் சார்” என்று மட்டும் சொன்னார். விடுதி வேலை போயிற்று. அதற்குப் பிறகு செஞ்சியில் யாரும் அவரிடம் பெரிய கட்டடம் கொடுக்கவில்லை. மதில், மாடிப்படி, கழிப்பறை என்று வரைந்துகொண்டிருந்தார். எனக்கு வேலை குறையவில்லை. கெட்டியாகக் கட்டுபவன் என்ற பேரும் குறையவில்லை.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது, ‘ஈரம்’ என்று அவரிடம் நான் சொன்ன இந்தப் பொய் ஒன்றுதான். தெரிந்தும் அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் காத்தார். இனி அதை நான் வைத்திருக்க முடியாது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அந்தச் சுவரைப் பூச ஆள் பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை நிறுத்த வேண்டும். பூசினால் சூடு குறையாது, தப்பு மறையும். பாரத்தைத் தூணும் உத்தரமும் தாங்குகின்றன. சுவரை மட்டும் எடுத்துத் திரும்பக் கட்டலாம். மேல்மாடியின் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் பொங்கல் கழித்து மூன்று வாரம் முன்னறைக்கு மாறிக்கொள்ள வேண்டும். சிரமம்தான், என்னைத் திட்டிக்கொண்டே மாறட்டும். செலவு என் பொறுப்பு. அம்மாவின் மகள் வேலூரிலிருந்து விடுதியின் வரைபடத்தை எடுத்துவர வேண்டும். விடுதி கட்ட நினைத்தவரின் மனை இன்னும் முள் மண்டிக் கிடக்கிறது. அவர் வருகிற சித்திரையில், நாலு மணிக்கே, மறுபடி வந்து அந்தச் சுவரில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கீழ்வீடுகளில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் தங்கள் வீட்டை யார் வரைந்தது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சங்கக் கூட்டத்தில் நின்று இங்கே எழுதியதைச் சொல்வேன்.

கட்டப்போவது லூர்து. அவன் நடுவில் ஒரு கரண்டிக் கலவைகூட விழாமல் கட்ட வேண்டும். நான் சொன்னாலும் போடக் கூடாது.