பொருளடக்கத்தில் ஒரு பெயர்

பன்னாட்டுக் கருத்தரங்கம் நடந்த அன்று மத்தியானம் நான் சாப்பாட்டுக் கூடத்தில் எச்சில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் துப்புரவு வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு என்பது எங்கள் கல்லூரியில் வழக்கம். அன்றைக்கு எதிர்பார்த்ததற்கு மேல் ஆள் வந்துவிட்டது. சாம்பார் சாதத்தில் கரண்டி போட்டால் அண்டாவின் அடி சத்தம் கேட்டது. காலையில் ஒரு டீ குடித்ததோடு சரி. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அறிவழகன் சார் பரிமாறுகிறவரிடம் போனார். "அண்ணே, செந்துறையிலேர்ந்து ஒரு புரபசர் வந்திருக்காங்க. பஸ்சு லேட்டு. ஒரு தட்டு போட்டுக் குடுங்க" என்றார். பரிமாறுகிறவர் அலுத்துக்கொண்டே வழித்துப் போட்டு, மேலே ஒரு அப்பளத்தையும் வைத்தார். சார் அதை வாங்கி, கை கழுவுகிற தொட்டிக்குப் பின்பக்கம் வந்து, என் பக்கத்தில் இருந்த திட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

எனக்குத்தான் சொந்த ஊர் செந்துறை. எப்போதோ பஸ்சுக்கு நிற்கும்போது சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஆள் இல்லாத இடத்தில் என்னைப் பார்த்தால் "என்ன புரபசரம்மா" என்பார். நானும் அப்படிப்பட்ட நேரத்தில் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

அறிவழகன் உடையார்பாளையத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்க்காரர். அப்பா இல்லை. அம்மா இருசம்மாள் முந்திரிக்காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்கி மகனைப் படிக்க வைத்தவர். மகன் முனைவர் பட்டம் வரைக்கும் போய்விட்டார். ஆனால் பெரம்பலூரில் எங்கள் கல்லூரித் தமிழ்த் துறையில் தற்காலிக விரிவுரையாளர்தான். ஒவ்வொரு சித்திரையிலும் வேலை நின்றுவிடும். ஆனியில் மறுபடி கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் அம்மாவோடு முந்திரிக்காட்டுக்குப் போவார். கல்யாணத்தை நிரந்தர வேலை வந்ததும் என்று தள்ளித் தள்ளி, வரன் வருவதும் நின்றுபோனது.

அந்த வருஷம் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. வயசு வரம்புக்கு உள்ளே அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு, ஐஎஸ்பிஎன் எண் வாங்கிய புத்தகத்தில் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதனால்தான் அந்தக் கருத்தரங்கம் அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

கருத்தரங்கம் என்றால் முதல் நாளே வேலை தொடங்கிவிடும். வாசலில் ஃபிளக்ஸ் கட்டுவார்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது நான். மலேசியாவிலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசுவார், அதனால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். கட்டுரைகளை முன்கூட்டியே வாங்கி, செங்கல் கனத்துக்குப் புத்தகமாக அடித்து, விளக்கு ஏற்றியதும் மேடையில் வெளியிடுவார்கள். எழுதியவருக்கு ஒரு பிரதி.

அறிவழகன் தன் பிரதியை வாங்கிக்கொண்டு நேராக வெளியே வந்தார். நான் டீ கேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். பொருளடக்கத்தைப் பிரித்து விரல் வைத்துக் காட்டினார்.

"படிங்க பாப்போம்."

நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டி, ஏரி வெட்டியவர்கள் வாய்மொழி வரலாறு என்று தலைப்பையும், பக்கத்தில் அவர் பெயரையும் படித்தேன். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அதற்குள் அவருடைய அமர்வுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் அந்த வகுப்பறைக்கு டீ கொண்டுபோனபோது அவர் வாசித்துக்கொண்டிருந்தார். பெஞ்சுகள் காலியாக இருந்தன. பாதிப் பேர் கீழே சான்றிதழ் வரிசையில் நின்றார்கள். அமர்வுத் தலைவர் மேசையில் ஒரு சின்ன மணி இருந்தது. அறிவழகன் வாசித்தது அவர் அம்மா சொன்ன கதை. வீராயி என்று அவர்கள் வம்சத்தில் ஒருத்தி. பிள்ளையை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, ஏரிக்கரைக்கு மண் சுமந்தவள். கரை நின்றது. மழை பெய்தது. ஏரி நிறைந்தது. வீராயி குடத்தைத் தூக்கிக்கொண்டு கரை ஏறினாள்.

மணி அடித்துவிட்டது.

"நேரமாச்சு தம்பி. மீதிதான் புத்தகத்துல இருக்கே, பாத்துக்குவாங்க" என்றார் தலைவர்.

அறிவழகன் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு அந்தக் கரை மேலேயே நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே அவர் புத்தகத்தை ஊருக்குக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்துவிட்டார். இருசம்மாள் அதை மஞ்சள் துணியில் சுற்றி விளக்கு மாடத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைத்தாராம். சாமி மாடத்தில் ஏறிய புத்தகத்தை யார் எடுத்துப் பிரிப்பார்கள்? தன் கட்டுரைதானே, தலைகீழாகத் தெரியும் என்று அவரும் விட்டுவிட்டார்.

நூலகம் துடைப்பதும் என் வேலைதான். ஒருநாள் அங்கிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். முன்னுரை தமிழில் இருந்தது. துறைத் தலைவர் தங்கராசு ஐயாதான் தொகுத்தவர். எல்லாக் கட்டுரைகளையும் வரி வரியாகப் படித்துச் செம்மைப்படுத்தியதாக எழுதியிருந்தார். அறிவழகன் பக்கத்தைத் தேடி எடுத்தேன். தலைப்பும் பெயரும் தமிழில் இருந்தன. கீழே பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்து. நடுநடுவே கொக்கியும் புள்ளியும். அந்தப் புத்தகத்தில் பாதிக் கட்டுரைகள் இங்கிலீஷ்தான் என்பதால் இவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்து மூடி வைத்தேன்.

துறை அறைக்குப் பெருக்கப் போனபோது அவரிடம் சொன்னேன். அவரைப் போலவே தற்காலிகமாக இருந்த கவிதா மேடமும் அங்கே இருந்தார். அவர் எதிரில் எங்களுக்குக் கூச்சம் இல்லை.

"ஒங்க கட்டுரைய எடுத்துப் பாத்தேன் தம்பி. எனக்குப் படிக்க வரல."

"ஆய்வு நடைன்னா அப்புடித்தான் புரபசரம்மா. எழுதுன எனக்கே ரெண்டு தடவ படிச்சாத்தான் வெளங்கும்."

"அப்ப நாங்கள்லாம் படிக்காம இருக்கறதுல தப்பே இல்ல, இல்லீங்களா சார்?" என்றார் கவிதா மேடம்.

மூன்று பேரும் சிரித்தோம்.

"அந்த வீராயி தண்ணி எடுத்தாளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"அத எங்கம்மா சொல்லிக் கேக்கணும்க்கா. ஒருநாளு வூட்டுக்கு வாங்க."

நேர்முகத் தேர்வு ஒரு புதன்கிழமை வந்தது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். விடிந்ததும் நான் போய், சாத்திய கதவுக்கு வெளியே சூடம் ஏற்றி வைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவள் உள்ளேதானே இருக்கிறாள்.

அறைக்குள் டீ கொடுக்கிற வேலை எனக்கு. இந்த மாதிரித் தேர்வுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கொண்டுவருவது புத்தகத்தின் அட்டை, பொருளடக்கம், சான்றிதழ், இந்த மூன்றின் ஜெராக்ஸ்தான். அதைத்தான் பார்ப்பார்கள், டிக் போடுவார்கள். அத்தனை வருஷத்தில் கட்டுரையைக் காட்டு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு வயசான பேராசிரியர் கேட்டார்.

"தலைப்பு நல்லாருக்கே. கட்டுரையப் பாக்கலாமா?"

அறிவழகன் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒரு ஆள் படிக்கக் கேட்டுவிட்டார். நூலகப் பிரதியை எடுத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். வழியெல்லாம் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.

பெரியவர் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். புத்தகத்தை அறிவழகன் பக்கம் திருப்பினார்.

"இது எந்த மொழி தம்பி?"

அறிவழகன் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார்.

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பழைய எழுத்துருவில் அடித்ததைப் புதிய எழுத்துருவில் அப்படியே கொட்டிவிட்டார்கள், எல்லாம் இப்படிக் குப்பையாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தங்கராசு ஐயாவும் அந்த மேசையில்தான் இருந்தார். பெரியவர் அவரைப் பார்த்தார்.

"அவரு அனுப்புனத அப்படியே போட்டோம்ங்க" என்றார் ஐயா.

"ஐயா, படிச்சுப் பாக்கறதுக்குன்னு பிடிஎஃப்பும் சேத்து அனுப்பியிருந்தேன்" என்றார் அறிவழகன்.

"கட்டுரைன்னு எத வச்சுக்கறது? சரி, நீங்க போங்க தம்பி. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றார் பெரியவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இடம் வேறு ஒருவருக்குப் போனது. நான் அம்மனைக் குறை சொல்ல மாட்டேன். அவள் நினைத்தது என்னவோ.

அன்று சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். டீயில் ஆடை கட்டும் வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தன பேரு எழுதியிருக்கோம் அந்தப் பொஸ்தகத்துல. அத்தன பேரு வூட்லயும் ஒண்ணு இருக்கு. என் பக்கத்தத் தொறந்து பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தாங்க்கா. அப்பவே படிக்க வரலன்னு சொன்னீங்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுல்ல தம்பி, அதான்னு நெனச்சேன்."

"சரிதான். நானும் மத்தவங்க கட்டுரை எதையும் தொறந்து பாக்கலியே. யாரச் சொல்ல?"

பிறகு அவரே சொன்னார். "வீராயி தண்ணி எடுக்கலக்கா. கரையில ஆளு நின்னாங்களாம். ஏரி ஊருக்காரவங்களுக்கு, மண்ணு சொமந்தவங்களுக்குக் கீழ தனியா ஒரு குட்ட இருக்கு, அங்க போயி மொண்டுக்கன்னுட்டாங்க. வெறுங்கொடத்தோட எறங்கிட்டா. அம்புட்டுதான் கட்டுரை."

ஆறிப்போன டீயை வாங்கிக்கொண்டு போய் வேறு டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

திருத்தி இன்னொரு முறை போடச் சொல்லி ஐயாவிடம் கேட்டார். அடுத்த தொகுப்பில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கருத்தரங்கத்தின் தலைப்பு செயற்கை நுண்ணறிவும் செந்தமிழும். ஃபிளக்சைப் பார்த்துவிட்டு, "இதுல வீராயிய எங்கக்கா நொழைக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். கதை சொன்ன கிழடுகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றார்.

தை மாதம் இருசம்மாளும் போய்விட்டார். நானும் கவிதா மேடமும் பஸ் ஏறிப் போனோம். என்னை வரச் சொன்ன வீட்டுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். அவர்களில் புதைப்பதுதான் முறை, பெண்களும் குழி வரைக்கும் போவார்கள். செத்தவர்கள் ஆசையாக வைத்திருந்த சாமான்களைக் குழியில் கூடவே வைப்பார்கள். வெற்றிலைப் பையை வைத்தார்கள். கண்ணாடியை வைத்தார்கள். இருசம்மாளின் தம்பி தர்மன், மஞ்சள் துணிக் கட்டை வீட்டிலிருந்து எடுத்து வந்தார்.

"மாப்ள, அக்கா சொன்ன கதையெல்லாம் இதுலதான இருக்கு? ஊருக்கே காட்டிக்கிட்டுத் திரிஞ்சிச்சு. கூடவே வச்சிருவமா?"

அறிவழகன் அந்தத் துணியைப் பார்த்தார். கவிதா மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதில் என்ன இருக்கிறது என்று அங்கே எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"வைங்க மாமா" என்றார்.

தலைமாட்டில் வைத்தார்கள். மண் தள்ளினார்கள். திரும்பி வரும்போது, "அம்மாகிட்டச் சொல்லிரணும்னு தெனமும் நெனப்பேன். வெள்ளிக்கிழம வெளக்கு ஏத்துறப்ப அது மொகத்தப் பாத்துட்டுச் சொல்ல வாய் வரலக்கா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆனியில் அவருக்குப் போன் வரவில்லை. தமிழ் இலக்கியத்துக்குப் பிள்ளைகள் சேரவில்லையாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு குடோனில் சரக்கு எண்ணுகிற வேலைக்குப் போவதாகக் கவிதா மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் சிறுவாச்சூர் போய்விட்டுப் பெரம்பலூர் நாலு ரோட்டில் இறங்கினேன். பையோடு நின்றுகொண்டிருந்தார். தாடி விட்டிருந்தார். முந்தியில் முடிந்து வைத்திருந்த குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன். தலையைக் குனிந்து காட்டினார்.

"மறுபடி எழுதுங்க தம்பி" என்றேன்.

அவர் பேச்சை மாற்றினார். "கருத்தரங்கம் எப்பக்கா?"

"வர்ற வாரம். வெளக்கெல்லாம் தேச்சு வச்சாச்சு."

சென்னை பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அவர் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் குனிந்தார்.

"பசியோட நிக்காதீங்கக்கா. செந்துறையிலேர்ந்து ஒரு புரபசர் வந்திருக்காங்கன்னு நீங்களே சொல்லி ஒரு தட்டு வாங்கிக்குங்க. யாரு என்னான்னு அங்க ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."