அரை வேக்காட்டு கெராங்

ஈப்போவில் மெடிக்கல் வார்டு சிஸ்டராக நான் இருந்தபோது முனியாண்டி வந்து சேர்ந்தார். பீடோரில் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. குடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்று காலை கடும் காய்ச்சல். பிரஷர் இறங்கியிருந்தது. இடது காலில் லேசான சிவப்புதான், தொட்டால் அலறினார். நான் டிரிப் போட்டு நிமிர்வதற்குள் கணுக்காலுக்கு மேலே கருநீலக் கொப்புளம் எழும்பிவிட்டது. அதைப் பார்த்ததும் டாக்டர் ஷாலினி சர்ஜனுக்கு போன் போட்டார். பிறகு, “அங்கிள், மீனு, சிப்பி ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

மனைவி சரசு முந்திக்கொண்டார். “வீட்டுச் சோறுதான் டாக்டர். உப்பில்லாம நான்தான் ஆக்கிப் போடுறேன். வெளிய எதையும் தொட மாட்டாரு.”

முனியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சரசுவைப் பதிவு கவுண்டருக்கு அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் குனிந்தேன்.

“அண்ணே, நான் ஏச மாட்டேன். சொல்லுங்க.”

“கெராங், மிஸி. முந்தாநாளு கூட்டாளிங்களோட. சுடுதண்ணில முக்கி எடுத்தது. ஒரு தட்டுதான் லா. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

கெராங் மாதிரி கடல் சிப்பியில் விப்ரியோ என்ற கிருமி இருக்கலாம். நல்ல உடம்பென்றால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். கெட்ட கல்லீரல் அதை ரத்தத்தில் விட்டுவிடும். பிறகு சதை அழுகும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் காத்திருக்காது. நான் போய்ச் சொன்னதும் டாக்டர் உடனே ஆன்டிபயாடிக்கை மாற்றினார்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவரே வாயைத் திறந்தார். “கெராங் தின்னுட்டேன் சரசு.” சரசு முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

கெட்டுப்போன சதையை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். கல்ச்சர் பரிசோதனையில் விப்ரியோ என்றே வந்தது. ஐ.சி.யு.வில் நெடுநாள் கிடந்தார். உயிரும் காலும் தப்பின.

டிஸ்சார்ஜ் அன்று, என்னென்ன சாப்பிடக் கூடாது என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். சரசு நிறுத்தினார்.

“அதெல்லாம் எனக்கு மனப்பாடம் மிஸி. இவரு என்னாதான் திங்கலாம்? கெராங்கே திங்கக் கூடாதா?”

நான் பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தேன்.

“உள்ள வரைக்கும் நல்லா வெந்திருந்தா திங்கலாம் ஆன்ட்டி.”

சரசு கணவரைப் பார்த்தார். “கேட்டிருந்தா நானே ஆக்கிப் போட்டிருப்பேனே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

புதிதாக வரும் நர்சுகளுக்குச் சொல்கிறேன். கல்லீரல் நோயாளி காய்ச்சலோடு வந்தால் காலைப் பாருங்கள். என்ன சாப்பிட்டார் என்று தனியாகக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, எதைச் சாப்பிடலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.